தொட்டி சின்னதானால் தண்ணீர் குறைவா?

போன வாரம் ஒரு வாசகர் தன் லேப் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். வயது 38, எடை 96 கிலோ. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 240 நானோகிராம், பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘குறைவு’. ரத்தம் எடுத்த நேரம் மாலை 4.35. “ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க, தாடி மழிச்சா மறுநாளே வளருது, உடம்புக்கு ஒரு குறையும் இல்ல. அப்போ இது என்ன கணக்கு சார்?” என்று கேட்டிருந்தார். கூடவே ஒரு ‘பூஸ்டர்’ மாத்திரை விளம்பரம், வாங்கலாமா என்று.

டெஸ்டோஸ்டிரோன் கொலஸ்டிராலில் இருந்து உருவாகும் பொருள், தண்ணீரில் சரியாகக் கரையாது. பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்ப, விந்தகத்தின் லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன, பள்ளியில் படித்ததுதான். சுரந்ததில் ஏறக்குறைய பாதி ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. மீதியில் கிட்டத்தட்ட எல்லாமே எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதத்தின் பிடியில். அதைச் செய்து அனுப்புவது கல்லீரல். எதிலும் ஒட்டாமல் திரிவது நூற்றுக்கு இரண்டு பங்குதான். செல்லுக்குள் புகுந்து வேலை பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டு பங்கு.

இந்தப் பிடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எஸ்.ஹெச்.பி.ஜி.யின் பிடி ஆல்புமினுடையதைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவானது. ஆல்புமினோ எண்ணிக்கையில் பல்லாயிரம் மடங்கு அதிகம். ஒன்றுக்கு வலு, இன்னொன்றுக்குக் கூட்டம். பங்கு ஏறத்தாழ சரிபாதியாகிவிடுகிறது. ஆனால் ஒட்டியது ஒட்டியபடியே கிடப்பதில்லை. ஆல்புமின் ஒரு நொடிக்குள் கைவிட்டுவிடும். எஸ்.ஹெச்.பி.ஜி. இருபது நொடி போல வைத்திருக்கும். ரத்தம் ஒரு தந்துகியை (மிக நுண்ணிய ரத்தக்குழாயை) கடக்க ஓரிரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஆல்புமினில் தொற்றி வந்தது அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மற்றது பெரும்பாலும் அடுத்த சுற்றுக்குப் போய்விடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மிதவை. மட்டம் இறங்கினால் மோட்டார் ஓடும், ஏறினால் நிற்கும். தொட்டி 500 லிட்டரா 1000 லிட்டரா என்று மிதவைக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது மட்டம் ஒன்றே. எஸ்.ஹெச்.பி.ஜி.யின் அளவுதான் தொட்டியின் அகலம், ஒட்டாத ஹார்மோன்தான் மட்டம், மூளையும் பிட்யூட்டரியும் மிதவை, விந்தகம் மோட்டார். தைராய்டு சுரப்பு மிகும்போது கல்லீரல் எஸ்.ஹெச்.பி.ஜி.யை அதிகம் செய்கிறது, தொட்டி அகலமாகிறது. மட்டம் பழைய இடத்துக்கு வரும்வரை மோட்டார் ஓடுகிறது. ரிப்போர்ட்டில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் (ஒட்டியதும் ஒட்டாததும் சேர்த்து, லேப் வழக்கமாக அளப்பது) எகிறியிருக்கும், ஆளுக்கு அதனால் கூடுதல் ஆண்மை ஒன்றும் வந்திருக்காது. எடை கூடி, இன்சுலின் ஏறி, கல்லீரலில் கொழுப்புச் சேரும்போது தொட்டி சுருங்குகிறது. மொத்தம் குறையும், மட்டம் அநேகமாக அப்படியே இருக்கும். (பருமன் மிக அதிகமானால் மட்டமும் இறங்கும், அது தனிக் கதை.)

வளர்ந்த எலிக்கும் சுண்டெலிக்கும் கல்லீரல் இந்தப் புரதத்தைச் செய்வதே இல்லை. அதே மரபணு விந்தகத்துக்குள் மட்டும் வேலை செய்கிறது. ரத்தத்தில் தொட்டி கிடையாது, ஆல்புமின் என்ற வாளி மட்டும். ஒரே கூண்டுச் சுண்டெலிகளிலும் டெஸ்டோஸ்டிரோன் அளவு தாறுமாறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹார்மோன் ஆராய்ச்சிப் பணத்தை இந்தத் தொட்டியில்லாத வீட்டில் கொட்டுகிறோமே என்று எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. ஆனால் அதே சுண்டெலியை வைத்தே 1990-களின் கடைசியில் கனடாவில் ஜெஃப்ரி ஹாமண்ட் குழு அழகான ஒரு வேலை செய்தது. மனித எஸ்.ஹெச்.பி.ஜி. மரபணுவைச் சுண்டெலிக்குள் வைத்தார்கள். ரத்தத்தில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் கிடுகிடுவென ஏறியது. சுண்டெலி வழக்கமான சுண்டெலியாகவே இருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒருவரை 2014-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மரபணுப் பிழையால் அந்த இளைஞரின் ரத்தத்தில் எஸ்.ஹெச்.பி.ஜி. அறவே இல்லை. மொத்த டெஸ்டோஸ்டிரோன் படுகுறைவு. ஒட்டாத அளவு சரியாக இருந்தது, விந்தணு உற்பத்தியும் சரியாக இருந்தது.

வயதானவர்களிடம் நிலைமை வேறு. வருடம் ஏற ஏற எஸ்.ஹெச்.பி.ஜி. கூடும், மோட்டாரோ தேய்ந்திருக்கும். மிதவை கேட்டாலும் நிரப்ப முடியாது. மொத்தம் பார்வைக்குச் சுமாராகத் தெரியும்போதே மட்டம் இறங்கிப் போயிருக்கலாம். ஆக, மொத்தத்தை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

மட்டத்தை நேரடியாக அளக்க ஒரு வழி உண்டு. நுண்துளைச் சவ்வின் ஒரு பக்கம் ரத்தச் சீரம், மறுபக்கம் உப்புக் கரைசல். உடல் சூட்டில் பல மணி நேரம் வைப்பார்கள். புரதங்கள் பெருத்தவை, துளையில் நுழையாது. ஒட்டாத ஹார்மோன் மட்டும் மறுபக்கம் போய்ச் சேரும். அதை அளந்துகொள்ளலாம். செலவும் பொறுமையும் அதிகம் என்பதால், மொத்தம், எஸ்.ஹெச்.பி.ஜி., ஆல்புமின் மூன்றையும் அளந்து கணக்குப் போட்டுவிடுவதே வழக்கம்.

சரி, மாத்திரை. அதில் இருக்கும் ஏதோ ஒரு வேர் எஸ்.ஹெச்.பி.ஜி.யில் போய் ஒட்டிக்கொண்டு டெஸ்டோஸ்டிரோனை ‘விடுதலை’ செய்கிறதாம். பஸ் ஸ்டாண்டுச் சுவரொட்டி லேகியத்தைவிட இதில் விஞ்ஞான வாசம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அப்படியே செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டம் கொஞ்ச நேரம் ஏறும், மிதவை மேலே போகும், மோட்டார் நின்றுவிடும்.

வாங்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கும். அதனால் காலை எட்டு மணி வாக்கில் வெறும் வயிற்றில் இன்னொரு முறை ரத்தம் கொடுத்து, எஸ்.ஹெச்.பி.ஜி.யையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டை எனக்கு அனுப்ப வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள் என்றும்.