'தி' வந்தால் 'ஆஃப்' எங்கே?

ஆய்வேடுகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். அண்மையில் வந்த ஒரு வேதியியல் ஆய்வேட்டில், 'தி டெஸ்டிங் தி வாட்டர் டுக் த்ரீ டேஸ்' என்று ஒரு வாக்கியம். தண்ணீரைச் சோதிக்க மூன்று நாள் ஆனது என்று புரிகிறது, ஆனாலும் பிழை. பக்கத்துக்குப் பக்கம் இதே பிழை.

எழுதிய மாணவியிடம் கேட்டேன். "வினையோடு 'இங்' சேர்ந்தால் பெயராகிவிடும் என்று பள்ளியில் சொன்னார்கள் சார். பெயருக்கு முன்னால் 'தி' போட வேண்டாமா?" என்றார்.

பள்ளியில் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதி நம் தமிழிலேயே இருக்கிறது. 'கடிதத்தை வேகமாக வாசித்தல்' என்கிறோம். 'கடிதத்தின் வேகமான வாசிப்பு' என்றும் சொல்கிறோம். இரண்டும் பெயர்தான். ஆனால் 'வாசித்தல்' பெயரான பிறகும் வினையின் குணத்தை விடவில்லை. 'ஐ' உருபையும் 'வேகமாக'வையும் ஏற்கிறது. 'வாசிப்பு' முழுப் பெயர். 'கடிதத்தை வேகமான வாசிப்பு' என்று யாராவது எழுதினால் சிரிப்போம்.

ஆங்கிலத்துக்கு இந்த இரண்டு வேலைக்கும் 'ரீடிங்' என்ற ஒரே சொல்தான். அது எந்த வேலையில் இருக்கிறது என்பதைச் சுற்றியுள்ள சொற்கள்தாம் காட்ட வேண்டும். 'ரீடிங் தி லெட்டர் குவிக்லி' என்றால் வாசித்தல். 'தி குவிக் ரீடிங் ஆஃப் தி லெட்டர்' என்றால் வாசிப்பு. முன்னால் 'தி' வைத்துவிட்டால், செயப்படுபொருளை 'ஆஃப்' போட்டுத்தான் சேர்க்க வேண்டும். இரண்டும் வரட்டும், அல்லது இரண்டும் போகட்டும். ராபர்ட் லவுத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலிலேயே இந்த விதி இருக்கிறது. அதை விதியாக எழுத வேண்டியிருந்தது என்றால், ஆங்கிலேயர்களும் அப்போது கலந்தடித்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்!

அலுவலகச் சுற்றறிக்கைகளில் தலைகீழ்ப் பிழை: 'ஃபார் கலெக்டிங் ஆஃப் ஃபீஸ்'. 'தி' இல்லாமல் 'ஆஃப்' மட்டும் தொங்குகிறது. 'ஃபார் கலெக்டிங் ஃபீஸ்' போதும். முழுப் பெயர்தான் வேண்டுமென்றால் 'கலெக்‌ஷன்' இருக்கவே இருக்கிறது. 'தி அனலைசிங் ஆஃப்' என்று எழுதுகிறவர்களுக்கும் 'தி அனாலிசிஸ் ஆஃப்' என்றே மாற்றித் தருவேன்.

'தி சிங்கிங் வாஸ் லவ்லி' என்பதில் 'ஆஃப்' எங்கே என்று கேட்காதீர்கள். செயப்படுபொருளே இல்லை, அந்தக் கச்சேரியின் பாட்டைச் சுட்ட 'தி' மட்டும் போதும். பொதுவாகப் பாடுவதைச் சொன்னால் அதுவும் வேண்டாம்.

'ஆஃப்' போட்டாலும் ஓர் ஆபத்து உண்டு. 'தி ஷூட்டிங் ஆஃப் தி ஹண்டர்ஸ்' என்றால் வேட்டைக்காரர்கள் சுட்டார்களா, சுடப்பட்டார்களா? மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1957இல் காட்டிய உதாரணம் இது. ஆய்வேட்டில் இப்படி ஓர் ஐயம் எழுந்தால் ஜெரண்டை, அதாவது இந்த 'இங்' பெயரையே கைவிட்டு, யார் செய்தார் என்று நேராக எழுதிவிடச் சொல்வேன். 'வி டெஸ்டட் தி வாட்டர் ஃபார் த்ரீ டேஸ்' என்பதில் என்ன குறை?

மறுவாரம் மாணவியின் திருத்திய படி வந்தது. 'இங்' கண்ட இடமெல்லாம் முன்னிருந்த 'தி'யைக் களைந்திருந்தார். 'மீட்டிங் வாஸ் ஹெல்ட் ஆன் மண்டே' என்பதிலும் அதைக் காணோம். மீட்டிங், பில்டிங், வெட்டிங் எல்லாம் என்றோ சாதாரணப் பெயர்களாகிவிட்டவை. சிவப்பு மையில் அந்த 'தி'யைத் திரும்ப எழுதி அனுப்பினேன்.