தேடலை வீழ்த்தும் ஒற்றைக் கோப்பு

பழைய வாடகை ஒப்பந்தம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. தேடல் நிரலைத் திறந்து 'வாடகை' என்று தட்டிக்கொண்டிருந்தபோதே சாளரம் சட்டென மறைந்தது. மறுபடி திறந்தேன். சிறிது நேரம் ஒழுங்காக இருந்தது, பிறகு மறுபடி மறைந்தது. நான் தட்டிய சொல்லில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து வேறு சொற்களைப் போட்டுப் பார்த்தேன். பலனில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். எதையும் தட்டாமல் சும்மா விட்டாலும் திறந்த பத்தாவது நிமிடம் வாக்கில் அது விழுந்துவிடுகிறது.

அந்தப் பத்து நிமிடம்தான் துப்பு. அது ஏன் என்று புரிய, தேடல் பெட்டிக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் கணினி கோப்புகளுக்குள் புகுந்து தேடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படித் தேடினால் கட்டுப்படியாகாது. ஒரு கோப்பைத் திறந்து படிக்க 5 மில்லி நொடி என்று வைத்துக்கொண்டாலும், 50,000 கோப்புகளுக்கு நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஆகவே கணினி முன்கூட்டியே உழைத்து வைக்கிறது. பழந்தமிழ் நூல்களின் நல்ல பதிப்புகளைப் புரட்டியவர்களுக்குக் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவு தெரிந்திருக்கும். எந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்று அகரவரிசையில் அடுக்கியிருப்பார்கள். கணினியும் நம் கோப்புகளுக்கு அப்படி ஒரு சொல்லடைவைத் தயாரித்து வட்டில் வைத்திருக்கிறது. இண்டெக்ஸ் என்பது இதுதான்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் உண்டு. 'வாடகை' என்ற சொல்லுக்கு நேராக 12, 87, 340, 2051 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஒப்பந்தம்' என்பதற்கு நேராக 40, 87, 2051, 6600. இரண்டு சொற்களும் உள்ள கோப்பு வேண்டுமென்றால், இரண்டு வரிசைகளின் மீதும் ஒவ்வொரு விரலை வைத்து நகர்த்தினால் போதும். 12 சிறியது, அந்த விரல் 87க்கு நகர்கிறது. இப்போது 40 சிறியது, அதுவும் 87க்கு வருகிறது. இரண்டும் பொருந்திவிட்டன, குறித்துக்கொள்கிறோம். இப்படியே போனால் 2051ம் கிடைக்கிறது. எந்தக் கோப்பையும் திறக்கவே இல்லை! எண்கள் ஏறுவரிசையில் இருப்பதால் விரல்கள் ஒருமுறைகூடப் பின்னோக்கிப் போக வேண்டியதில்லை. தேடல் நுட்பத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. இவ்வளவு எளிமையான வேலை என்பதால் இந்த இடத்தில் கோளாறு வருவதும் அபூர்வம்.

ஆபத்தெல்லாம் சொல்லடைவைத் தயாரிக்கும் இடத்தில் இருக்கிறது.

கோப்பு புதிதாக வந்தாலோ மாறினாலோ இயங்குதளம் தகவல் சொல்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் அமைந்த வட்டுகளில் எல்லா மாற்றங்களையும் வரிசையாகக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு ஒன்று உண்டு. மேக்கிலும் அதுபோன்ற ஏற்பாடு இருக்கிறது. தகவல் வந்ததும் வாசிப்பான் என்ற சிறு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் எழுத்துகளைப் பிரித்தெடுத்து, சொல் சொல்லாகக் கொடுக்கிறது. வெறும் எழுத்துக் கோப்பு என்றால் சிரமமில்லை. பிடிஎஃப், விரிதாள், மின்னஞ்சல் தொகுப்பு, சுருக்கிய கோப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசிப்பான் வேண்டும்.

பிடிஎஃப் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வால் பகுதியில் ஒரு முகவரிப் பட்டியல் இருக்கிறது. இன்ன பக்கம் 48,210ஆவது பைட்டில் தொடங்குகிறது, இன்ன எழுத்துரு 91,004ஆவது பைட்டில் தொடங்குகிறது என்பது போன்ற குறிப்புகள் அவை. வாசிப்பான் முதலில் வாலுக்குப் போய்ப் பட்டியலைப் படித்துவிட்டு, அங்கிருந்து உரிய இடங்களுக்குத் தாவுகிறது. பதிவிறக்கம் பாதியில் நின்றுபோன கோப்பில் அந்த வாலே இருக்காது. இருக்கும் மிச்சத்திலும், இதோ 2,000 பைட் வருகிறது என்ற அறிவிப்புக்குப் பின்னால் 300 பைட்தான் இருக்கும். நிதானமாக எழுதப்பட்ட வாசிப்பான் இதைக் கண்டதும் கோப்பு சேதமடைந்திருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். அறிவிப்பை அப்படியே நம்பிவிடும் வாசிப்பானோ இல்லாத பைட்டுகளைப் படிக்கப் போய்த் தனக்கு ஒதுக்காத நினைவகத்தில் கை வைக்கிறது. அடுத்த கணமே இயங்குதளம் அந்த நிரலை நிறுத்திவிடும். சாளரம் மறைவது அப்படித்தான்.

சேதம் தவிர வேண்டுமென்றே வைக்கப்படும் பொறிகளும் உண்டு. 42 என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஜிப் கோப்பு கணினித் துறையில் பிரபலம். அளவு வெறும் 42 கிலோபைட். உள்ளுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் எல்லாவற்றையும் விரித்தால் 4.5 பெட்டாபைட், அதாவது சுமார் 45 இலட்சம் கிகாபைட் ஆகும். எல்லை வைக்காமல் விரித்துக்கொண்டே போகும் வாசிப்பான் நினைவகத்தையும் வட்டையும் தின்றுதீர்த்துவிட்டு விழும்.

இதனால்தான் பெரிய இயங்குதளங்கள் வாசிப்பானைத் தனி அறையில் அடைத்துவைக்கின்றன. விண்டோஸில் 'சர்ச் இண்டெக்ஸர்' சொல்லடைவைப் பராமரிக்கிறது. கோப்புகளின் உள்ளடக்கத்தைப் பிரிக்கும் வேலை 'சர்ச் ஃபில்டர் ஹோஸ்ட்' என்ற வேறொரு செயலில் (தனித்து ஓடும் நிரலில்), குறைந்த அதிகாரத்தோடு நடக்கிறது. மேக்கில் 2005ஆம் ஆண்டு வந்த ஸ்பாட்லைட்டிலும் படிக்கும் வேலைக்குத் தனிச் செயல்கள் உண்டு. வாசிப்பான் விழுந்தாலும் அந்த அறையோடு போய்விடும், மற்றவை நிற்கும். நான் பயன்படுத்திய நிரலில் இந்தச் சுவர் இல்லை. பெட்டி, சொல்லடைவு, வாசிப்பான் மூன்றும் ஒரே செயலாக ஓடின. ஒவ்வொரு முறையும் கோப்புப் பட்டியலின் தொடக்கத்திலிருந்து படித்துவந்து, பத்தாவது நிமிடத்தில் சேதமடைந்த ஒரு கோப்பைத் தொட்டதும் மூன்றும் ஒன்றாக விழுந்தன.

ஆகவே தேடல் பழுதானால் எதையாவது அழிக்கப் புறப்படும் முன், எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். யாரும் தொடாதபோதே குறிப்பிட்ட நேரத்தில் விழுந்தால் சந்தேகம் வாசிப்பான் மீது. முதல் எழுத்தைத் தட்டியதுமே விழுந்தால் சொல்லடைவின் தரவுத்தளம் சிதைந்திருக்கலாம். முடிவுகள் வந்து, அவற்றுக்குப் பக்கத்தில் சிறு படங்கள் தோன்றத் தொடங்கும்போது விழுந்தால், தேடலைவிட முன்னோட்டம் காட்டும் கூறுகளையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளி நிரல்கள் நிறுவிய அத்தகைய கூறுகள் பல, கோப்புச் சாளரத்தின் செயலுக்குள்ளேயே ஓடுகின்றன. அவற்றில் ஒன்று விழுந்தால் சாளரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். முன்னோட்டப் பலகத்தை அணைத்துவிட்டு, முடிவுகளை வெறும் பெயர்ப் பட்டியலாக வைத்துப் பாருங்கள். அதன்பின் விழவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது பதிவேடு. விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' என்ற பகுதியில், நிரல்களுக்கான பதிவுகளின் கீழ் 1000 என்ற எண்ணோடு வரும் பிழைக் குறிப்புகளைத் திறந்தால், எந்த நிரல் விழுந்தது, அதன் எந்தக் கூறு விழுந்தபோது ஓடியது என்ற இரண்டும் இருக்கும். மேக்கில் 'கன்சோல்' அதே வேலையைச் செய்கிறது. ஒரே ஒரு குறிப்பைப் படித்துவிட்டு முடிவுக்கு வராமல், நான்கைந்தை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கூறின் பெயர் வந்தால் கோளாறு அந்தக் கூறிலோ அது படிக்கும் கோப்பிலோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் வந்து, வேறு நிரல்களும் காரணமின்றி விழுகின்றன என்றால் நினைவகச் சில்லைச் சோதிக்க வேண்டும். விண்டோஸிலேயே அதற்கான சோதனை நிரல் இருக்கிறது.

வாசிப்பானைத் தள்ளிவிடும் கோப்பு எது என்று கண்டுபிடிப்பது எப்படி? என்னிடம் சுமார் 16,000 கோப்புகள். ஒவ்வொன்றாகப் பார்ப்பது முடியாத காரியம். பாதியாகப் பிரித்துக்கொண்டே போவதுதான் வழி. தேடல் அமைப்பில், சொல்லடைவில் சேர்க்க வேண்டிய கோப்புறைகளில் பாதியை விலக்கிவிட்டு ஓடவிட வேண்டும். விழுந்தால் குற்றவாளி மீதமிருக்கும் பாதியில், விழாவிட்டால் விலக்கிய பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும். 16,000 என்பது 8,000 ஆகும், பிறகு 4,000, பிறகு 2,000. பதினான்கு முறை பிரித்தால் ஒற்றைக் கோப்பில் வந்து நிற்கும். கோப்புகள் இருமடங்கானாலும் கூடுதலாக ஒரே ஒரு முறைதான் பிரிக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்! குற்றவாளிகள் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பாதிகளும் விழக்கூடும். அப்போது ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகத் தொடர வேண்டியிருக்கும். எனக்கு எட்டாவது முறையிலேயே பரப்பு அறுபது சொச்சம் கோப்புகளாகச் சுருங்கியது. கண்ணால் பார்த்தாலே போதும் என்ற நிலை. ஒரே பெயரில் இரண்டு பிடிஎஃப் கோப்புகள் அருகருகே இருந்தன. ஒன்று 8 மெகாபைட், மற்றொன்று 3. பதிவிறக்கம் நின்றுபோனதும் மறுபடி இறக்கியிருக்கிறேன், பழையதை நீக்க மறந்திருக்கிறேன்.

தரவுத்தளம் சிதைவது வேறு வகை. சொல்லடைவு அடிக்கடி திருத்தப்படும் பொருள். திருத்தம் நடந்துகொண்டிருக்கும்போது மின்கலம் தீர்ந்து கணினி அணைந்தாலோ, வட்டில் இடமே இல்லாமல் போனாலோ, ஒரு பக்கம் புதிதாகவும் அதைச் சுட்டும் பக்கம் பழையதாகவும் நின்றுவிடக்கூடும். இதைத் தவிர்க்கவே தரவுத்தளங்கள் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் தனிக் குறிப்பில் எழுதிவிட்டு, பிறகு உரிய இடத்தில் செய்கின்றன. பெரும்பாலும் அது காப்பாற்றிவிடும். காப்பாற்றாதபோது சொல்லடைவைப் புதிதாகக் கட்டுவதே வழி. விண்டோஸில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்டு' என்பதற்குள் 'ரீபில்ட்' பொத்தான் இருக்கிறது. மேக்கில், தேட வேண்டாத இடங்களின் பட்டியலில் வட்டைச் சேர்த்துவிட்டு நீக்கினால் ஸ்பாட்லைட் புதிதாகத் தொடங்கும். உங்கள் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது. அழிவது சொல்லடைவு மட்டுமே. வட்டில் இடம் இருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்புகளின் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்குக்குள் சொல்லடைவு அடங்கும் என்பது மைக்ரோசாஃப்ட் தரும் கணக்கு. 4 இலட்சம் உருப்படிகளுக்கு மேல் போனால் வேகம் குறையத் தொடங்கலாம் என்றும் அது சொல்கிறது. தேவையற்ற கோப்புறைகளை விலக்கிவைப்பது நல்லது.

எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்தாகச் சொல்லடைவைப் புதிதாகக் கட்டுவதையே பலரும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் ஒரு கோப்பு என்றால், அந்தக் கோப்பை அகற்றாமல் புதிதாகக் கட்டும் சொல்லடைவும் அதே இடத்தில் வந்து விழும். நானும் முதல் நாளே புதிதாகக் கட்டிப் பார்த்தேன். பத்தாவது நிமிடம் தவறவில்லை.

சில நேரம் காரணம் நம் மடிக்கணினியிலேயே இருக்காது. 2020 பிப்ரவரி 5 அன்று விண்டோஸ் 10 தேடல் பெட்டி உலகின் பல பகுதிகளில் வெறுமையாகத் தோன்றியது. உள்ளூர்க் கோப்பைத் தேடினாலும் அந்தப் பெட்டி மைக்ரோசாஃப்டின் இணையத் தேடல் சேவையான பிங்கோடும் பேசுகிறது. கோளாறு மறுமுனையில் இருந்தது. இணையத்தைத் துண்டித்துவிட்டுத் தேடிப் பார்ப்பது அரை நிமிட வேலை. அதை முதலிலேயே செய்துவிடலாம்.

தேடல் விழாமல் ஓடியும் கோப்பு கிடைக்கவில்லை என்றால் அது வேறு சிக்கல். தமிழில் அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுமே. திரையில் மட்டும்தான் அவை தமிழாகத் தெரிகின்றன. ஒருங்குறியில் (யூனிகோடில்) 'வாடகை' என்று தேடினால் அவை அகப்படாது. ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்தால்தான் சொல்லடைவில் தமிழ்ச் சொற்களாக ஏறும்.

அந்த 3 மெகாபைட் கோப்பை நீக்கிவிட்டுச் சொல்லடைவை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் சாளரம் திறந்தபடியே இருந்தது. 'வாடகை ஒப்பந்தம்' என்று தட்டினேன். தட்டி முடிக்கும் முன்பே நான்கு கோப்புகள் வந்து நின்றன. நான் தேடியது மூன்றாவது.