கரண்ட் வந்த பிறகு செத்த மீன்கள்

கொளத்தூரில் செடி வைத்த மீன் தொட்டிகளை அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த வாரத்தில் எனக்கு வந்த போன்களில் பாதி ஒரே ரகம்: "கரண்ட் இல்லாதப்ப நல்லாத்தான் இருந்துச்சு, வந்த பிறகுதான் போச்சு."

வேளச்சேரியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். மாடி வீடு, 3 அடித் தொட்டி, சுமார் 150 லிட்டர். மூன்று நாள் மின்சாரம் இல்லை. மனிதர் சும்மா இருக்கவில்லை. மணிக்கொரு தரம் சொம்பில் தண்ணீரை மொண்டு, அரையடி உயரத்திலிருந்து தொட்டியிலேயே திரும்ப ஊற்றியிருக்கிறார். ராத்திரியில் அவரும் அவர் மனைவியும் முறை வைத்துக்கொண்டு ஊற்றியிருக்கிறார்கள். ஒரு மீன் சாகவில்லை. நாலாம் நாள் நள்ளிரவில் கரண்ட் வந்தது, ஃபில்டர் தானாக ஓட ஆரம்பித்தது. அப்பாடா என்று படுத்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் 20 நியான் டெட்ராவில் 11 மிதக்கின்றன.

அவரிடம் இருந்தது கேனிஸ்டர் ஃபில்டர். மூடி போட்ட வாளி போல, தொட்டிக்கு வெளியே கீழே நிற்குமே, அது. அதற்குள் ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்குகளிலும் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுப்பது அதுதான். தண்ணீர் ஓடாமல் நின்றால் மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். அப்புறம் உள்ளே தேங்கிய அழுக்கு அழுக ஆரம்பிக்கும். மூன்று நாள் அப்படி ஊறிய தண்ணீரை ஒரே மூச்சில் தொட்டிக்குள் தள்ளியது மோட்டார்.

நான் போய்ச் சேர்ந்து முதலில் ஃபில்டரை நிறுத்தினேன். குளியலறைக்குத் தூக்கிப் போய்க் கிளிப்பைத் தளர்த்தியதும் அழுகின முட்டை வாடை. உள்ளே தண்ணீர் கறுப்பு டீ மாதிரி இருந்தது. டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டால் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் நல்ல பச்சையாக மாறியது. அம்மோனியா.

"எல்லாத்தையும் பிரிச்சுக் கழுவிட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சிடலாமா தம்பி?" என்றார் வாத்தியார். "வேண்டவே வேண்டாம் சார்" என்றேன். இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு கேள்விக்காகத்தான். மீன் சாவதை விடவும், செத்த பிறகு பதற்றத்தில் செய்கிற வேலையில்தான் தொட்டிகள் அதிகம் பாழாகின்றன. நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று வரும்வரை கசக்கினேன். குளோரின் கலந்த தண்ணீர். பார்க்கப் பளிச்சென்று இருந்தது, அடுத்த வாரமே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அந்தப் பாக்டீரியா மறுபடி குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும்.

வாத்தியார் வீட்டில் செய்தது இவ்வளவுதான். டப்பாவில் இருந்த கறுப்புத் தண்ணீரைக் கீழே ஊற்றினேன். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, ஸ்பாஞ்சை அதில் இரண்டு முறை மட்டும் பிழிந்தேன், ரிங்குகளை லேசாக அலசினேன். பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், ஆனால் கீழே சம்ப்பில் வெள்ளம் புகுந்திருந்தது. அதனால் 20 லிட்டர் குடிநீர் கேன் நாலு கொண்டுபோயிருந்தேன். அவர் ஏற்கெனவே ஆர்.ஓ. தண்ணீர் கலந்து விடுகிறவர், மீன்களுக்கு உப்பு குறைந்த தண்ணீர் பழக்கம்தான், இருந்தாலும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக விட்டோம். இரண்டு நாளைக்குத் தீனி கிடையாது. ஒரு வாரம் தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினார். மிச்சம் ஒன்பதும் பிழைத்தன.

ஒன்று சொல்ல வேண்டும். அது டிசம்பர், தண்ணீர் குளிர்ந்திருந்தது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்திருக்கும், 32 டிகிரியில் 7.3 தான். மே மாதமாக இருந்திருந்தால் சொம்பு வைத்தியம் பலித்திருக்குமா, சந்தேகம்தான். "செடி இருக்கே, அதுவே ஆக்சிஜன் கொடுக்குமே" என்பார்கள். வெளிச்சம் இருந்தால் கொடுக்கும். இருட்டில் செடியும் மீனோடு போட்டி போட்டுக்கொண்டு மூச்சு விடும். இன்வெர்ட்டரில் ஒரு சின்ன ஏர் பம்ப் போதும், இல்லாவிட்டால் பவர் பேங்கில் ஓடுகிற யு.எஸ்.பி. பம்ப். கேனிஸ்டர் வைத்திருப்பவர்கள் கரண்ட் போய் ஓரிரண்டு மணி நேரம் தாண்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தானாக ஓடக்கூடாது, நீங்கள் திறந்து பார்த்த பிறகுதான் ஓட வேண்டும்.

நம் ஊர் போர் தண்ணீரில் இன்னொரு சிக்கல். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டுகிற பி.எச். பெரும்பாலும் 7.5-க்கு மேல்தான் இருக்கும். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் விஷமாக நிற்கிற பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். கோடையில் தொட்டி மேல் மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், நல்லதுதான். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. குறைந்த அளவுக்கு மறுபடி போர் தண்ணீரையே விட்டுக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குறைவதை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள், வாராவாரம் கால் பங்கை மாற்றுங்கள்.

பாசி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முக்கால்வாசி வீடுகளில் காரணம் பன்னிரண்டு மணி நேரம் எரிகிற விளக்கு. ஆறு, எட்டு மணி நேரத்துக்கு டைமர் போட்டுவிட்டு ஒரு மாதம் பொறுங்கள்.

மீன் பிழைத்த இரண்டாவது வாரம் வாத்தியார் மறுபடி கூப்பிட்டார். கிரிப்டோகொரின் இலைகள் எல்லாம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய ஆரம்பித்து, தொட்டால் கூழாகப் போகின்றனவாம். இலங்கை ஓடைகளில் வளரும் வெண்டிட்டி வகை அது. தண்ணீர் சட்டென்று மாறினால் இலையை உதிர்த்துவிட்டு வேரோடு காத்திருப்பது அதன் சுபாவம். அவர் அதற்குள் ஒன்றைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. நடுவில் அரிசி மணி அளவுக்கு ஒரு குருத்து. இலைக் கூழை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதை அதே குழியில் திரும்ப நட்டோம். பொங்கல் கழித்துப் போனபோது அதில் நாலு இலை இருந்தது, எந்தச் செடி குப்பைக்குப் போய் வந்தது என்று அவர்தான் காட்ட வேண்டியிருந்தது.