ஷாக் அப்சார்பருக்குள் வளையும் தகடு

வாடிப்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சிறுமலையில் எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. போய்வர ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப். பாறையில் அடி தட்டாமல் இருக்கப் பட்டை ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். கையோடு, இருப்பதிலேயே கெட்டியான கேஸ் ஷாக்காக வாங்கிப் போட்டேன். மலையில் பரவாயில்லை. கண்மாய்க் கரை மண்பாதையில் மட்டும் முன்பைவிட மோசமாகக் குலுக்குகிறது. புது ஷாக் போட்டும் ஏன் இப்படி?”

நல்ல கேள்வி. பதில் ஷாக்குக்குள்ளேதான் இருக்கிறது.

பள்ளத்தின் குத்தை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். தடுக்க ஆளில்லாவிட்டால் வண்டி விநாடிக்கு ஒரு முறை, ஒன்றரை முறை என்று ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. எண்ணெய் நிறைந்த சிலிண்டர், அதற்குள் துளைகள் போட்ட பிஸ்டன். துளை வழியே எண்ணெய் பிதுங்கும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. பிஸ்டனின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர், எதிர்ப்பு 1000 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் 500 வாட். வீட்டு மிக்ஸி ஒன்று இழுக்கிற சக்தி முழுக்க ஒரே ஷாக்கில் சூடாக மாறுகிறது.

இதை வைத்தே ஷாக் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கரடுமுரடான பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, சைலன்சர் குழாயில் படாமல், நான்கையும் தொட்டுப் பாருங்கள். மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால், அது வேலை செய்யவில்லை. பானெட்டை அமுக்கி எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் வழக்கத்தைப் பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் நம்ப முடியாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடும். செத்த ஷாக்கும் நல்லதுபோலத் தெரியும்.

சரி, துளை வழியே எண்ணெய் போகிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். எனக்குப் பிடித்த இடமே அதுதான். எண்ணெய் சூடானால் நீர்த்துப் போகும். அப்படியானால் மத்தியான வெயிலில் ஷாக் தொளதொளத்துவிட வேண்டாமா? எண்ணெயை நீளமான மெல்லிய குழாய் வழியே செலுத்தினால் அப்படித்தான் ஆகும். அங்கே எதிர்ப்பைத் தருவது எண்ணெயின் பாகுத்தன்மை; சூட்டில் அது பல மடங்கு குறையும். கூரான விளிம்புள்ள குட்டைத் துளையில் கதை வேறு. எண்ணெய் அதற்குள் வேகமெடுத்துப் பாய்ந்து, மறுபக்கம் சுழித்துக் கலங்கி அந்த வேகத்தை இழக்கிறது. இங்கே எதிர்ப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அடர்த்தி. அது சூட்டில் சில சதவீதம்தான் இறங்கும். துளையின் வடிவத்தை மாற்றியே வெப்பத்தின் தொல்லையில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டார்கள்!

ஆனால் வெறும் துளைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மெதுவான ஆட்டத்தை அடக்கும் அளவுக்குத் துளையைச் சிறிதாக்கினால், வேகமாகக் கல்லில் ஏறும்போது ஷாக் இரும்புக் கம்பி மாதிரி விறைத்துக்கொள்ளும். அதற்குத்தான் துளையின் வாயில் வாஷர் போன்ற மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்குகிறார்கள். ஷிம் என்று பெயர். அழுத்தம் ஏற ஏறத் தகடுகள் வளைந்து வழியை அகலமாக்கும். எதிர்ப்பு நான்கு மடங்குக்குப் பாயாமல் நிதானமாக ஏறும். தகட்டின் விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. அதாவது 0.2 மி.மீ. தகடு ஒன்று, 0.1 மி.மீ. தகடுகள் எட்டை ஒட்டாமல் அடுக்கியதற்குச் சமம். தலைமுடி தடிமன் வித்தியாசத்தில் வண்டியின் குணமே மாறிவிடும். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை. வளைகிற தகடுதான் வால்வு.

சக்கரம் மேலேறும்போது ஒரு ஷிம் அடுக்கு, கீழிறங்கும்போது இன்னொன்று. இறங்கும் பக்கத்தைத்தான் கெட்டியாக வைப்பார்கள், சாதாரணமாக இரண்டு மூன்று மடங்கு. ஸ்பிரிங் சேர்த்துவைத்த ஆற்றலைச் செலவழிக்க வேண்டிய நேரம் அது.

இப்போது கண்மாய்க் கரைக்கு வருவோம். வண்டிகள் ஓடி ஓடி மண்பாதையில் அலை அலையாக மேடு விழுந்திருக்கும். மேட்டுக்கு மேடு 70 செ.மீ., வேகம் மணிக்கு 30 கி.மீ. என்றால் சக்கரத்துக்கு விநாடிக்குச் சுமார் 12 குத்து. இறங்கும் பக்கம் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால், சக்கரம் முழுக்கக் கீழே வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வண்டி தாழ்ந்து, கடைசியில், அச்சு சேஸிஸில் முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேலேயே ஓடும். நம் வாசகரின் இடுப்பு வாங்குவது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

கேஸ் என்றால் கெட்டி என்பதும் தவறான எண்ணம். வேகமாகப் போகும் பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து எண்ணெய் நுரைக்கும். நுரைக்கு எதிர்ப்பு ஏது? நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையை அடக்குகிறது, அவ்வளவுதான். கெட்டியைத் தருவது ஷிம். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும் இரட்டைக் குழாய் ஷாக்கில் நைட்ரஜன் லேசான அழுத்தத்தில் இருக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் புர்சியே தெ கார்போன் 1950களில் கொண்டுவந்த ஒற்றைக் குழாய் வகையில் அழுத்தம் மிக அதிகம். வெப்பத்தையும் வேகமாக வெளியேற்றும். வேகமாக நெடுந்தூரம் மண்பாதையில் போகிறவர்களுக்கு அது சரி. ஆனால் பிஸ்டன் உரசி ஓடுவது அதன் வெளிக்குழாயிலேயே. கல் பட்டு நசுங்கினால் தீர்ந்தது. சிறுமலைக் கல் பாதையில் ஊர்ந்து போகிற தோட்ட ஜீப்புக்கு மிதமான இரட்டைக் குழாய் ஷாக்கே என் தேர்வு. அதில் வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் உள்குழாய் தப்பிக்கும்.

புது ஷாக் போட்ட வண்டியைப் பாண்டி கோயிலுக்கு ஓட்டிப்போய் டயருக்கடியில் எலுமிச்சை வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. விலை கூட, சிவப்புப் பெயின்ட், அதனால் உசத்தி என்று நம்புவதோடுதான் சண்டை. எந்த வேகத்தில் எத்தனை எதிர்ப்பு என்று கோடு போட்டுக் காட்டும் இயந்திரங்கள் உண்டு. ஒரகடத்தில் பெரிய வாகனச் சோதனை மையம் கட்டியது நல்லதுதான். அந்தச் செலவில் ஒரு துளியை ஒதுக்கி, மாவட்டத்துக்கு ஒரு பொறியியல் கல்லூரியில் அப்படிக் கோடு போடும் இயந்திரம் ஒன்றை வைத்து, பட்டறைக்காரர்களுக்கும் திறந்துவிடலாமே.

வாங்கும் முன் அளவெடுங்கள். சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சு முழுக்கத் தொங்கும்போது ஷாக்கின் மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் (போல்ட் நுழையும் வளையம்) உள்ள தூரத்தைக் குறியுங்கள். ஷாக் விரியும் நீளம் அதைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் உயர்த்திய வண்டியில் பழைய நீளத்து ஷாக்கைப் போட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும் ஒவ்வொரு முறையும் அச்சின் எடையை ஷாக்கே தாங்கிக் கண் கிழியும். அதேபோல் பம்ப் ஸ்டாப் முழுக்க நசுங்கினாலும் ஷாக் அடிதட்டக் கூடாது.

மாற்றும்போது ஒரே அச்சில் இரண்டையும் மாற்றுங்கள். இரட்டைக் குழாய் ஷாக்கை மாட்டும் முன், நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை இழுத்து அமுக்கினால் உள்ளே சிக்கிய காற்று மேலே போய்விடும். வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே போல்ட்டைக் கடைசியாக முறுக்குங்கள்; தொங்கும் நிலையில் முறுக்கினால் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். அப்புறம், கழற்றிய கேஸ் ஷாக்கைப் பழைய இரும்புக் கடையில் போடும்போது உள்ளே அழுத்தம் இருப்பதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். தெரியாமல் கேஸ் கட்டரை வைத்தால் வெடிக்கலாம்.