பழைய இரும்பும் காலநிலை இலக்கும்

ஒரு நாடு காலநிலை இலக்கை எட்டுவது பற்றிப் பேச்சு வந்தாலே சூரிய மின்சாரம், காற்றாலை, மின் வாகனம் என்று மூன்றைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மூன்றும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை எல்லாம் வந்த பிறகும் கணக்கில் பெரிய பங்கு ஒன்று மிச்சம் இருக்கும். எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2019இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வில் 55 விழுக்காட்டை எரிசக்தியை மாற்றிச் சமாளிக்கலாம். மீதி 45 விழுக்காடு பொருட்களைச் செய்வதிலிருந்தும், உணவு உற்பத்தி, நிலப் பயன்பாடு ஆகியவற்றிலிருந்தும் வருகிறது. இரும்பும் சிமென்டும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அந்த 45க்குள்தான் இருக்கின்றன. செய்த பொருளை வீசியெறியாமல் பழுதுபார்த்தும், மறுபடி பயன்படுத்தியும், உருக்கியும் சுற்றில் வைத்திருக்கும் சுழற்சிப் பொருளாதாரம் கைகொடுப்பது இங்கேதான்.

பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலையில் வேலை பார்க்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த இரும்பிலிருந்தே தொடங்குகிறேன். இரும்புத் தாதுவில் இரும்பு ஆக்சிஜனோடு பிணைந்து கிடக்கிறது. தாதுவை இரும்பாக்கும் ஊது உலையில் கரி போடுவது சூட்டுக்காக மட்டும் இல்லை. அந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கவும் கரிதான் வேண்டும். பிரிந்த ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடாக வெளியே போகிறது. ஆலைக்கு வரும் மின்சாரம் முழுக்கச் சூரியனிலிருந்தே வந்தாலும் இது நிற்காது. இந்த வழியில் ஒரு டன் எஃகு செய்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பழைய இரும்பில் அந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது, உருக்கினால் போதும். உமிழ்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும், மின்சாரமும் சுத்தமாக இருந்தால் இன்னும் இறங்கும். அலுமினியத்தில் லாபம் இதைவிடப் பெரிது. புதிதாகச் செய்ய ஆகும் எரிசக்தியில் சுமார் 95 விழுக்காடு மிச்சமாகிறது.

சரி, பழைய இரும்பை எல்லாம் சேகரித்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பழைய இரும்புக்கு விலை உண்டு, அதை யாரும் சும்மா விடுவதில்லை. ஆயுள் முடிந்த எஃகில் பெரும்பகுதி இப்போதே உலைக்குத்தான் வருகிறது. அப்படி வந்தும் உலக எஃகு உற்பத்தியில் அதன் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். பாலத்துக்கும் கட்டடத்துக்கும் போன எஃகு பல பத்தாண்டுகள் கழித்துத்தானே திரும்பும்! அதிலும் வளரும் நாடுகளில் கட்டுவது அதிகம், இடிப்பது குறைவு. ஆக, இன்னும் அதிகமாகச் சேகரித்துக் கிடைக்கப்போவது கொஞ்சம்தான். கிடைப்பதன் தரத்தைக் காப்பாற்றுவதில்தான் பெரிய ஆதாயம் இருக்கிறது.

தரம் என்றால் என்ன என்பதைச் செம்பை வைத்துச் சொல்கிறேன். பழைய காரை நொறுக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரிக்கிறார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் சின்ன மோட்டாரில் இரும்பைச் சுற்றிச் செம்புக் கம்பி இருக்கும். காந்தம் இரும்பைப் பிடித்துத் தூக்கும்போது செம்பும் கூடவே வந்துவிடுகிறது. நகரும் பட்டையின் இருபக்கமும் ஆட்கள் நின்று, கம்பி சுற்றிய துண்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கையால் பொறுக்குகிறார்கள். எவ்வளவு பொறுக்கினாலும் கொஞ்சம் தப்பித்து உலைக்குள் போய்விடும். உள்ளே போன செம்பை எடுக்க நடைமுறையில் வழி இல்லை. சிலிக்கான், மாங்கனீஸ் போன்றவை ஆக்சிஜனோடு சேர்ந்து கசடாக மேலே வந்துவிடும். செம்பு அப்படி வராது, இரும்போடேயே தங்கிவிடும். உருகிய எஃகில் மாதிரி எடுத்து, ஆறவைத்து, தேய்த்து, மின்பொறி பாய்ச்சிப் பார்த்தால் சில நிமிடங்களில் செம்பின் அளவு தெரிந்துவிடும். அது 0.2 விழுக்காட்டைத் தாண்டினால் கவலைதான். சூடாக உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விழும், கார் உடலுக்கான தகட்டுக்கு அந்த எஃகு ஆகாது. கான்கிரீட்டுக்குள் போகும் கம்பி கொஞ்சம் கூடுதல் செம்பைத் தாங்கும் என்பதால் கார் எஃகு கம்பியாக இறங்கிவிடுகிறது. தகடே வேண்டும் என்றால், தாதுவிலிருந்து எடுத்த புது இரும்பைக் கலந்து செம்பின் அளவைக் குறைக்க வேண்டும். அந்தப் புது இரும்போடு தவிர்க்க நினைத்த உமிழ்வும் திரும்பி வருகிறது.

அந்தக் காரை வடிவமைத்தவர் மின்கம்பித் தொகுப்பையும் மோட்டார்களையும் சுலபமாகக் கழற்றும்படி வைத்திருந்தால் இத்தனையும் தேவைப்படாது. கழிவு மேலாண்மை என்று பேசும்போது நாம் பெரும்பாலும் குப்பைத் தொட்டிப் பக்கமே நிற்கிறோம், முடிவு எடுக்கப்படுவதோ வடிவமைப்பாளரின் மேசையில். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை இந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவியின் பேட்டரியை 2027 முதல் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது அது.

சிமென்டின் கதை வேறு. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடே வெளியேறுகிறது. சிமென்ட் உற்பத்தியின் உமிழ்வில் பாதிக்கு மேல் எரிபொருளில் இருந்து இல்லை, இந்தக் கல்லில் இருந்துதான் வருகிறது. இடித்த கான்கிரீட்டை நொறுக்கினால் ஜல்லிக்குப் பதிலாகப் பயன்படும், ஆனால் வழக்கமான முறையில் சிமென்ட் திரும்பக் கிடைக்காது. அதனால் இங்கே மறுசுழற்சி என்ற பேச்சு அதிக தூரம் போகாது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிடைக்கும், சிமென்டின் முக்கியப் பொருளான கிளிங்கரின் ஒரு பகுதிக்குப் பதில் ஊது உலைக் கசடையோ சுட்ட களிமண்ணையோ சேர்ப்பதும், உறுதியாக நிற்கும் கட்டடத்தை இடிக்காமல் மாற்றியமைப்பதும்தான் பலன் தரும்.

உணவுக் கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகினால் அது மீத்தேன் ஆகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 80 மடங்கு வெப்பமூட்டும். அதே சமயம் அதன் பெரும்பகுதி சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்தும் விடும். எனவே உணவை வீணாக்காமல் இருப்பதும், வீணானதைப் பிரித்துச் சாண எரிவாயுக் கலன் போன்ற மூடிய கலனில் போடுவதும் சீக்கிரமே பலன் தரும்.

இவ்வளவு இருந்தும் பல நாடுகளின் திட்டங்களில் இது ஏன் ஓரமாக நிற்கிறது? கணக்கு எழுதும் முறை ஒரு காரணம். தேசிய உமிழ்வுப் பட்டியலில் எரிசக்தி, தொழில், வேளாண்மை, நிலம், கழிவு என்று துறைவாரியாக எழுதுகிறார்கள். சுழற்சி என்றதும் அதிகாரிகள் அந்தப் பட்டியலில் கழிவு என்ற பிரிவைப் பார்க்கிறார்கள். அங்கே எண் சிறிது. எஃகு மிச்சமானால் அந்தக் குறைவு தொழில், எரிசக்தி பிரிவுகளில்தான் தெரியும். இறக்குமதியான கைபேசியைப் பழுதுபார்த்து இன்னும் சில ஆண்டுகள் ஓட்டினால், குறைவது அதைச் செய்த நாட்டின் கணக்கு. பழுதுபார்த்த நாட்டுக்குத் தாளில் ஒன்றும் கிடைக்காது, பூமிக்கு நன்மை கிடைத்திருக்கும். பாரிஸ் ஒப்பந்தப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தரும் திட்டத்தில், நாட்டுக்குள் நுகரும் பொருளின் உமிழ்வையும் சேர்த்துக் காட்டினால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

உடனே தொடங்க அரசுக் கொள்முதலே நல்ல இடம். சாலை, பாலம், பள்ளி, மருத்துவமனை என்று சிமென்டையும் எஃகையும் பெருமளவில் வாங்குவது அரசுதான். ஒப்பந்தப்புள்ளியில் கிளிங்கர் அளவுக்கு வரம்பு வைக்கலாம். கட்டடத்தின் எஃகு உத்திரங்களைப் பற்றவைக்காமல் போல்ட் போட்டு இணைக்கச் சொல்லலாம். அப்படி இணைத்ததைக் கழற்றி, உலைப் பக்கமே கொண்டுவராமல், அடுத்த கட்டடத்தில் வைக்க முடியும். இன்று அதற்குத் தடை பெரும்பாலும் உலோகத்தில் இல்லை. இடிக்கும்போது அந்த உத்திரம் எந்தத் தரத்தது என்று சொல்லும் சோதனைச் சான்றிதழ் யாரிடமும் இருப்பதில்லை, அதனால் பொறியாளர் அதை நம்பிக் கையெழுத்துப் போட முடிவதில்லை. நல்ல உத்திரம் வெட்டுப்பட்டு எங்கள் உலைக்கு வந்துவிடுகிறது. கட்டும் நாளிலேயே அந்தச் சான்றிதழைக் கட்டட ஆவணங்களோடு பதிவு செய்து வைக்கச் சொல்ல ஒரு விதி போதும்.