கொம்பும் குதிரைமுகமும் கல்லில் ஏறும் விதம்

மரக்கட்டை அச்சில் மை மேட்டில் நிற்கும். செப்புத் தகட்டு அச்சில் பள்ளத்தில் தங்கும். கியூபா நாட்டு ஓவியர் வீஃப்ரெடோ லாமின் கல்லச்சுப் படங்கள் இரண்டிலும் சேராதவை. அவற்றை அச்சிட்ட பரப்பில் கோடும் வெற்றிடமும் ஒரே மட்டத்தில் இருந்தன. அப்படியானால் மைக்குத் தன் இடம் எப்படித் தெரிகிறது?

முதலில் படத்தைப் பற்றி. லாம் 1902-இல் சாகுவா லா கிராண்டே ஊரில் பிறந்தவர். தந்தை சீனர், தாய் ஆப்பிரிக்க, ஸ்பானிய வழியினர். அவருடைய ஞானத்தாய் மான்டோனிகா வில்சன் சான்டேரியா சமயப் பூசாரி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொரூபா மக்கள், தங்கள் ஒரிஷா தெய்வங்களைக் கத்தோலிக்கப் புனிதர்களோடு இணைத்து வழிபட்ட சமயம் அது. ஒரிஷா இறங்கி ஆடுபவரை அங்கே தெய்வத்தின் ‘குதிரை’ என்பார்கள். லாம் வரைந்த குதிரைமுகப் பெண்ணுக்கு இதுதான் வேர். கொம்பு முளைத்த சின்ன வட்ட முகங்கள், வழிகளின் காவலனான எலெகுவா என்ற ஒரிஷாவை நினைவூட்டுபவை. பாரிஸில் பிக்காசோவோடு பழகிய கை, 1941-இல் ஊர் திரும்பியபின் இந்த உருவங்களை, பொருள்களைத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிச பாணியின் கோடுகளில் வார்த்தது.

பின்னாளில் இத்தாலியிலும் பிற நாடுகளிலும் அவர் ஏராளமான அச்சோவியங்கள் செய்தார். அவற்றில் கல்லச்சுகளும் பல. அந்த முறையை 1790-களின் இறுதியில் கண்டறிந்தவர் அலாய்ஸ் செனஃபெல்டர். தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிய அவர் கையில் எடுத்தது ஜெர்மனியின் பவேரியாவில் கிடைக்கும் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல். சுமார் 15 கோடி ஆண்டுப் பழமை. மிக நுண்ணிய, சீரான துகள். ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் புதைபடிவம் கிடைத்ததும் இதே கல்லடுக்கில்தான்.

கல்லைக் கார்போரண்டம் தூளால் தேய்த்து மெல்லிய சொரசொரப்பு உண்டாக்குவார்கள். அதன்மேல் வரையும் பென்சிலில் மெழுகு, விலங்குக் கொழுப்பு, சோப்பு, விளக்குக்கரி ஆகியவை இருக்கும். பென்சில் சொரசொரப்பின் முனைகளை மட்டும் தொடுவதால் புகைபோன்ற சாம்பல் நிழல் கிடைக்கிறது. அதே கலவையைக் கரைத்துத் தூரிகையால் இழுத்தால், லாமின் கொம்புகளுக்கும் முட்களுக்கும் வேண்டிய கூர்மையான கோடு கிடைக்கும்.

அடுத்து வருவது வேதியியல். அரபிக் பிசினில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்து கல் முழுவதும் பூசுவார்கள். அமிலம் சோப்பிலிருந்து கொழுப்பு அமிலத்தை விடுவிக்கிறது. அது கல்லின் கால்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத சேர்மமாகிறது. கால்சியம் மிகுந்த உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்காமல் வெள்ளையாகத் திரிகிறதே, அதே வகைப் பொருள்தான். குளியலறையில் தொல்லை, இங்கே அதுதான் ஓவியம். வரையாத இடங்களில் பிசின் ஒட்டிக்கொண்டு, நீரை விரும்பும் மெல்லிய படலமாகிறது.

இதன்பின் நடப்பதை முதன்முறை பார்ப்பவர் பதறிப்போவார். டர்பென்டைன் விட்டுத் துடைக்க, ஓவியரின் கறுப்புக் கோடுகள் முழுவதும் அழிந்துவிடும்! அழிந்தது கரியும் மெழுகும்தான். கல்லோடு பிணைந்த கொழுப்பு அங்கேயே இருக்கிறது. கல்லை நனைத்தால், பிசின் உள்ள இடம் நீரைப் பிடித்துக்கொள்ளும். கொழுப்புள்ள இடம் தள்ளிவிடும். அதன்மேல் எண்ணெய் மை உருளையை ஓட்டினால், ஈரம் மையை விலக்க, கொழுப்பு மட்டும் மையை ஏற்கும். படம் மீண்டும் எழுந்து வரும். தாளை வைத்து அழுத்தினால் இடவலம் மாறிப் பதியும். ஆகவே ஓவியர் எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாகவே எண்ணி வரைய வேண்டும்.

வண்ணப் படமென்றால் பொதுவாக நிறத்துக்கு ஒரு கல். துத்தநாக, அலுமினியத் தகடுகளும் இதே தத்துவத்தில் வேலை செய்யும். சிவகாசியில் நாள்காட்டி அடிக்கும் ஆஃப்செட் இயந்திரமும் செனஃபெல்டரின் வழித்தோன்றல்தான். என் கண்ணுக்கு லாமின் படங்களில் அடங்கிய காவியும் கறுப்பும் அவருடைய பளிச்சென்ற நிறங்களைவிட நன்றாக அமைந்திருக்கின்றன.

வேண்டிய பிரதிகள் எடுத்தபின், இன்னொரு கல்லைக் கவிழ்த்து வைத்து, தூளும் நீரும் விட்டு மறுபடி தேய்ப்பார்கள். கொழுப்பு மேற்பரப்புக்குச் சற்று உள்ளேயும் ஊறியிருக்கும். தேய்ப்பு போதாவிட்டால், அடுத்து வரும் ஓவியரின் தாளில் பழைய உருவம் மங்கலாக எட்டிப்பார்க்கும். அதனால் அச்சுக்காரர்கள் இந்த வேலையில் மட்டும் அவசரப்படுவதில்லை.