கால் முன்னால் போனால் முதுகு என்ன செய்யும்?

போன மாதம் என் அக்கா வீட்டுக்காரரோடு சேலத்தில் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு 52 வயது. ஐந்தரை அடிக்கு ஓர் அங்குலம் குறைவான உயரம். இருபது வருஷமாகச் சாதாரண பைக்கிலேயே ஓடியவர், இனிமேலாவது உடம்பு நோகாமல் ஓட்டலாமே என்று க்ரூஸர் மேல் ஆசைப்பட்டார் (சீட் தாழ்வாக, காலை முன்னால் நீட்டி ஓட்டும் பைக்). ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. காலை முன்னால் நீட்டி ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தார். கை தானாக ஹேண்டிலுக்குப் போனது. "சாய்வு நாற்காலி மாதிரி இருக்குடா" என்றார். டெஸ்ட் ரைடு எடுத்தோம், நான் பின்னால். முந்நூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், ஒரு வேகத்தடை வந்தது. பெரிய வேகமெல்லாம் இல்லை. ஆனாலும் இடி நேராக இடுப்பில் இறங்கியது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "சீட்டு இவ்வளவு மெத்துன்னு இருக்கு, அப்புறம் எப்படிடா இப்படித் தூக்கிப் போடுது?"

350 சிசி முதல் 650 சிசி வரை க்ரூஸர் வாங்க நினைக்கும் எல்லோரும் இந்தக் கேள்வியை ஷோரூமிலேயே கேட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பதில் சீட்டைவிடக் காலில்தான் அதிகம் இருக்கிறது.

வீட்டில் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். பாதம் முழங்காலுக்கு நேர் கீழே இருக்கட்டும். இப்போது எழுந்திருங்கள், சுலபமாக எழ முடியும். மறுபடி உட்கார்ந்து இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல், காலை உள்ளே இழுக்காமல் எழப் பாருங்கள். முடியாது. உடம்பின் எடை இடுப்புக்கு நேராக இருக்கிறது, பாதமோ அதற்கு வெகு முன்னால் இருக்கிறது. அந்தப் பாதத்தின் மேல் எடையை ஏற்ற வழியே இல்லை.

பள்ளம் வரும்போது சாதாரண பைக் ஓட்டுபவர் தன்னை அறியாமலே செய்வது இதைத்தான்: ஃபுட்ரெஸ்ட்டில் லேசாக ஊன்றி, பின்பக்கத்தைச் சீட்டிலிருந்து ஒரு விரல்கடை தூக்குகிறார். முழங்காலும் தொடையும் இரண்டு ஷாக் அப்சார்பர்களாக மாறிவிடுகின்றன. க்ரூஸரில் கால் முன்னால் போய்விட்டதால் அந்த வசதி இல்லை. வண்டி தூக்கிப் போட்டால் மொத்தமும் இடுப்பெலும்பு வழியாக முதுகுத்தண்டுக்குத்தான் போகும்.

இன்னொன்றும் நடக்கிறது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பாருங்கள். சிறிது நேரத்தில் முதுகு சுவரைத் தேடும். கால் நீளும்போது தொடையின் பின்தசை இழுபட்டு, இடுப்பெலும்பைப் பின்பக்கமாக உருட்டுகிறது. கீழ்முதுகில் இயல்பாக உள்ளே குழிந்திருக்கும் வளைவு தட்டையாகிவிடும், சில பேருக்கு வெளியே பிதுங்கவும் செய்யும். அந்த நிலையில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் முன்பக்கம் அதிகமாக நசுங்குகிறது. அப்போது பார்த்து ஒரு குலுக்கலும் விழுந்தால் எங்கே வலிக்கும் என்பது முதுகுவலிக்காரர்களுக்குத் தெரியும். அதனால் "க்ரூஸர் என்றாலே முதுகுக்கு நல்லது" என்று யாராவது சொன்னால், சாலை எப்படிப்பட்டது, ஃபுட்ரெஸ்ட் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரி, சீட்டு மெத்தென்று இருந்ததே, அது உதவாதா? கட்டை பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பின்பக்கத்துக்கு அடியில் வையுங்கள். இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். எடையை ஏந்துவது அவைதான். அவற்றைச் சுற்றி எவ்வளவு அகலமாக எடை பரவுகிறதோ அவ்வளவு நேரம் வலிக்காமல் உட்காரலாம். மிருதுவான ஃபோம் முதல் பத்து நிமிஷம் சொகுசாக இருக்கும், அப்புறம் அந்த இரண்டு முனைகளும் அதை அடிவரை அமுக்கிவிடும். பிறகு நாம் உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட சீட்டின் அடித்தட்டில்தான். நீண்ட தூரத்துக்குச் சற்று விறைப்பான, அகலமான சீட்டே மேல். ஷோரூமில் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

க்ரூஸரின் அழகு அதன் தாழ்வு. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் சீட் உயரம் 805 மிமீ. அதே எஞ்சின் குடும்பத்தில் 2020-இல் வந்த மீட்டியார் 350-இல் 765 மிமீ. சூப்பர் மீட்டியார் 650-இல் 740. கவாசாகி வல்கன் எஸ்-இல் 705. ஹோண்டா ரெபெல் 500-இல் 690. மாமாவைப் போன்ற உயரத்தில் இருப்பவர்களுக்கு, சிக்னலில் பாதம் முழுசாகத் தரையில் பதிவது பெரிய நிம்மதி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சீட்டைக் கீழே இறக்கினால் அதற்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் இடம் குறைகிறது. சக்கரம் மேலே எழும்பி வர அந்த இடம்தான் வேண்டும். சூப்பர் மீட்டியாரின் பின் சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம் 101 மிமீ. மலையேறவென்று செய்த ஹிமாலயன் 450-இல் 200 மிமீ, சீட்டும் அதற்கேற்ப உயரம்.

இந்தத் தூரம் ஏன் முக்கியம்? கிரிக்கெட்டில் கேட்ச் பிடிப்பவர் பந்தோடு சேர்த்துக் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். விறைப்பாக வைத்தால் உள்ளங்கை கன்றிவிடும். ஒரே வேகத்தை நிறுத்தக் கிடைக்கும் தூரம் பாதியானால் அதற்கு வேண்டிய விசை இரண்டு மடங்காகும். பள்ளத்தில் எம்பி வரும் சக்கரத்துக்கும் இதே கணக்குதான். குறுகிய தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமென்றால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். மென்மையாக இருந்தால் ஷாக் அடிவரை போய் 'டங்' என்று முட்டும். இரண்டிலும் இடி ஓட்டுபவருக்கே.

பின் ஷாக்கில் படிப்படியாகத் திருப்பும் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுவதில்லை, அது எந்த இடத்திலிருந்து அமுங்கத் தொடங்குகிறது என்பதுதான் மாறுகிறது. இரண்டு பேர் உட்கார்ந்ததும் வண்டி தானாகவே கீழே இறங்கி, இருக்கும் 100 மிமீயில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பதுதான் பள்ளத்துக்கு. வளையத்தை ஏற்றினால் வண்டி மறுபடி மேலே எழும்பும், இழந்த தூரம் திரும்பக் கிடைக்கும். டெஸ்ட் ரைடில் நாங்கள் இரண்டு பேர் ஏறியிருந்தோம், வளையமோ முதல் படியில் இருந்தது. இடியில் ஒரு பங்கு அதனால் வந்ததுதான்.

இனி, வண்டி திரும்புவதைப் பற்றி. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். சக்கரம் தரையைத் தொடும் இடம், அது சுழலும் அச்சுக்குப் பின்னால் இருக்கும். அதனால்தான் எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தானாகப் பின்னால் வந்து நேராகிக்கொள்கிறது. பைக்கிலும் அப்படித்தான். ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரை வரை ஒரு கோடாக நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்குப் பெயர் ட்ரெயில். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ரேக். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ரேக் 24 டிகிரியை ஒட்டி இருக்கும், ரெபெல் 500-இல் 28, வல்கன் எஸ்-இல் 31. ஃபோர்க் சாயச் சாய ட்ரெயிலும் பொதுவாக நீளும், வண்டி நேர்கோட்டைப் பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் பக்கக் காற்று தள்ளினாலும் க்ரூஸர் அலட்டிக்கொள்ளாமல் போவதற்கு இது ஒரு காரணம். இந்த உருவம் பிறந்தது அமெரிக்காவின் நீண்ட, நேரான சாலைகளில் என்பதை நினைத்தால் எல்லாம் பொருந்திவரும்.

அதே சாய்வு மெதுவான வேகத்தில் வேறு முகம் காட்டும். ஹேண்டிலைத் திருப்பும்போது முன்பக்கம் கொஞ்சம் கீழே இறங்குகிறது. வண்டியின் எடை அந்தப் பக்கமே தள்ள, ஹேண்டில் நாம் நினைத்ததைவிட அதிகமாகப் போய் விழப் பார்க்கும். சந்துக்குள் யு டர்ன் போடும்போது கையில் திடீரென்று கனம் ஏறுவது இதனால்தான். வீல்பேஸும், அதாவது இரண்டு சக்கரங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமும், சேர்ந்துகொள்ளும். மீட்டியார் 350-க்கு 1400 மிமீ, வல்கனுக்கு 1575. ஹேண்டிலை ஒரே அளவு திருப்பினால் வல்கனுக்கு எட்டில் ஒரு பங்கு அகலம் கூடுதலாக வேண்டும். நீளமான வீல்பேஸுக்கு ஒரு நன்மையும் உண்டு: முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது வண்டி குறைவாகவே அண்ணாந்து பார்க்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். தாழ்வான வண்டி மெதுவாகத்தான் சாயும் என்று சொல்வார்கள். உள்ளங்கையில் நீளமான ஒட்டடைக் கம்பை நிறுத்திப் பாருங்கள், நிற்கும். பென்சிலை நிறுத்திப் பாருங்கள், நிற்காது. எடை உயரத்தில் இருக்கும் பொருள் மெதுவாகவே சாயத் தொடங்கும், சமாளிக்க நேரம் கொடுக்கும். தாழ்வான வண்டி அதைவிட வேகமாகச் சாயும். ஆனால் கால் உடனே தரையில் எட்டுவதாலும், சாய்ந்த வண்டியை நிமிர்த்தக் குறைந்த பலமே போதும் என்பதாலும் நமக்குப் பயம் குறைகிறது. நின்ற வண்டியைத் தாங்கும்போது எடையும் பேசும். மீட்டியார் 350 191 கிலோ, சூப்பர் மீட்டியார் 650 241 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை வித்தியாசம்.

மாமாவுக்கு மாதம் ஒருமுறையாவது ஏற்காடு போக வேண்டும். சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் இந்தக் கணக்கை அவருக்காகப் போட்டேன். வளைவில் பைக் எவ்வளவு சாய வேண்டும் என்பதை எடை தீர்மானிப்பதில்லை. வேகமும் வளைவின் ஆரமும்தான் தீர்மானிக்கின்றன. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 30 கிமீ வேகத்தில் போனால் சுமார் 25 டிகிரி. 35 கிமீ என்றால் கிட்டத்தட்ட 33. வெறும் ஐந்து கிலோமீட்டருக்கு எட்டு டிகிரி. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் இப்படி. அகலமான டயர் என்றால் இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும், ஏனென்றால் சாயும்போது டயர் தரையைத் தொடும் இடம் வளைவின் உள்பக்கமாக நகர்ந்துவிடுகிறது. பல க்ரூஸர்களில் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசத் தொடங்குவது 30 டிகிரியை ஒட்டித்தான். மடங்கக்கூடிய ஃபுட்ரெஸ்ட் உரசினால் அது எச்சரிக்கை. அதையும் தாண்டிச் சாய்த்து ஃபிரேமோ சைலன்சரோ தரையில் ஊன்றிவிட்டால், டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அதனால் க்ரூஸரில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு சரிசெய்ய மிச்ச இடம் குறைவு.

எஞ்சின் அதிர்வைப் பற்றிச் சுருக்கமாக. ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் மேலும் கீழும் போவது எஞ்சினையே உதறும். மீட்டியார் 350-இல் அதற்கு எதிர்ப்பக்கம் சுழலும் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் பழைய புல்லட்டுகளின் நடுக்கம் இல்லை. 27 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) 4000 ஆர்பிஎம்மிலேயே (நிமிஷத்துக்கு 4000 சுற்று) முழுசாக வந்துவிடும், எஞ்சினை விரட்ட வேண்டிய தேவையும் குறைவு. 80 கிமீக்கு மேலேயே நாள் முழுக்க ஓட்டுபவர் என்றால் இரட்டை சிலிண்டருக்குப் போவது நியாயம். ஆனால் காற்றை மறக்கக் கூடாது. நிமிர்ந்த நெஞ்சு ஒரு பாய்மரம். 60-இல் இருந்து 100-க்குப் போனால் காற்றின் தள்ளல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. கால் முன்னால் இருப்பதால் அதையும் ஊன்றித் தாங்க முடியாது, கையால் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான். முன்பக்கக் கண்ணாடி இருக்கும் மாடல்கள் அழகுக்காக மட்டும் அப்படி வரவில்லை.

மறுநாள் இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினோம். கடைக்காரரிடம் முன்பே கேட்டு, பின் ஷாக் வளையத்தை ஏற்றி, டயரில் காற்று சரிபார்த்துக்கொண்டோம். மாமா முதலில் தெருமுனையில் இரண்டு பக்கமும் யு டர்ன் போட்டார். அப்புறம் சரிவில் நிறுத்தி, உட்கார்ந்தபடியே காலால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். வேகத்தடையைத் தனியாக ஒருமுறை, அக்காவை ஏற்றிக்கொண்டு ஒருமுறை ஏறி இறங்கினார். இந்த வண்டியில் ஃபுட்ரெஸ்ட் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால்தான் இருந்தது. தடை வரும்போது அவர் லேசாக ஊன்றி எழுவதைப் பார்த்தேன். முந்தினதைவிடச் சீட் உயரம், பாதத்தின் முன்பாதிதான் தரையைத் தொட்டது. "பரவாயில்லைடா, எட்டுதுல்ல" என்றார்.

அதைத்தான் வாங்கினார். அந்த வண்டியின் வளையம் இப்போது இரண்டாம் படியில் இருக்கிறது. அக்காவோடு ஏற்காடு கிளம்பும் காலைகளில் மட்டும், டூல் கிட்டில் இருக்கும் கொக்கி ஸ்பேனரை எடுத்து நான்காம் படிக்கு ஏற்றிக்கொள்கிறார்.